ஆங் சான் சூச்சியின் ஐந்து ஆண்டுகளும், அளிக்கப்படாத ஒரு வாக்குறுதியும்

மியன்மாரில் 2020-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில், ஆங் சான் சூச்சி அவர்களின் ஜனநாயகத்துக்கான தேசிய லீக் கட்சி நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்பாளர்களை நிறுத்தியது. அவர்களில் முஸ்லிம்கள் இருவர் மட்டுமே. ஒருவர் மண்டலே நகரைச் சேர்ந்த வின் மியா மியா. மற்றவர், ரங்கூனின் மையத்தில் உள்ள பபேடான் தொகுதியில் போட்டியிட்ட சித்து மாங். இருவரும் வெற்றி பெற்றார்கள். ஆனால் புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி அதிகாலையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அந்த நாடாளுமன்றம் கூடவேயில்லை.

ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு, ஆங் சான் சூச்சியின் ஐந்தாண்டு கால ஆட்சி குறித்த மதிப்பீடு பெரும்பாலும் இரு துருவங்களாகப் பிரிந்து நிற்கிறது. ஜனநாயகத்துக்காகப் பல ஆண்டுகள் சிறையிருந்து, மீண்டும் சிறைக்கே அனுப்பப்பட்ட தலைவி என்பது ஒரு சித்திரம். ரோஹிஞ்சா முஸ்லிம்களுக்கு எதிரான கொடுமைகளின்போது இராணுவத்தின் பக்கம் நின்றவர் என்பது மற்றொன்று. இவ்விரு சித்திரங்களுக்கும் இடையே, சாதாரணமாக ஒரு தேர்தலின்போது எந்தத் தலைவரிடமும் கேட்கப்படும் கேள்வி மறைந்து போயிற்று. அவர் எதைச் செய்வதாகச் சொன்னார், எதைச் செய்தார், எதைச் சொல்லாமலே விட்டார் என்பதுதான் அந்தக் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பபேடான் பொருத்தமான இடம். அங்கு வாழும் தமிழ் வம்சாவளியினருக்கும், ஏனைய இந்திய வம்சாவளியினருக்கும், அதன் பதிலில் நேரடியான பங்கு இருக்கிறது.

இரண்டு நூற்றாண்டு வரலாறு

பபேடான், ரங்கூன் மாநகரின் பழைய வணிகப் பகுதியில் அமைந்துள்ள ஒரு நிர்வாக வட்டம். ஸ்காட் மார்க்கெட் என்று பெயர் பெற்று, பின்னர் ஜெனரல் ஆங் சானின் பெயரைத் தாங்கிய சந்தையும், தெயின்ஜி சந்தையும் இங்குதான் உள்ளன. அனவ்ரதா சாலையில் தமிழர்கள் எழுப்பிய காளி கோயில் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கிய சூலியா பள்ளிவாசல், சில நிமிட நடைத் தூரத்தில் யூதர்களின் தொழுகைக் கூடம், பௌத்த விகாரைகள் என்று ஒரு துறைமுக நகரின் கடந்த காலம் சில தெருக்களுக்குள் அடங்கியிருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சியில் பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. துறைமுகம், இரயில்வே, நெல் ஆலைகள், அரசு அலுவலகங்கள் எங்கும் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் வேலை செய்தார்கள். 1931-ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்போது ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். செட்டிநாட்டிலிருந்து சென்ற நகரத்தார், பர்மிய விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கும் தொழிலில் முதன்மை வகித்தார்கள். 1930-களில் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல்லின் விலை வீழ்ந்தபோது, கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலங்கள் அவர்களது கைக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் இவ்வாறு செட்டியார்களிடம் சேர்ந்தது. அந்த நிலப்பறிப்பின் நினைவு, பர்மிய தேசியவாதத்தில் இந்திய எதிர்ப்பு ஆழமாக வேரூன்றியதற்கு ஒரு முக்கியக் காரணம். கூலி வேலைக்குச் சென்ற தமிழருக்கும் தெலுங்கருக்கும் அந்த நிலங்களோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் கோபம் அவர்கள் மீதும் விழுந்தது.

1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பல லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். பெரும்பாலானோர் காடுகளையும் மலைகளையும் கால்நடையாகவே கடந்தார்கள், பல ஆயிரம் பேர் வழியில் மாண்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1962-இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின், கடைகளையும் நிறுவனங்களையும் தேசியமயமாக்கினார். 1964 மே மாதம் 50 மற்றும் 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டது. சேமிப்பையும் தொழிலையும் இழந்து, சுமார் மூன்று லட்சம் பேர் 1960-களில் இந்தியா திரும்பினார்கள். சென்னையின் பர்மா பஜாரும், தமிழகத்தின் பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும், மணிப்பூர் எல்லையில் மோரே நகரில் நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்களும் அந்த வெளியேற்றத்தின் அடையாளங்கள்.

திரும்பாமல் தங்கியவர்களும் பலர். அவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அதிகாரபூர்வமான எண்ணிக்கை கிடையாது. 2014-இல் நடத்தப்பட்ட குடிசனக் கணக்கெடுப்பில் மதவாரியான விபரங்கள் இரண்டு ஆண்டுகள் கழித்து வெளியிடப்பட்டன. அதன்படி முஸ்லிம்கள் சுமார் 4.3 சதவீதம், இந்துக்கள் சுமார் 0.5 சதவீதம். இனவாரியான விபரங்கள் வெளியிடப்படவேயில்லை.

1982-ஆம் ஆண்டுச் சட்டம்

தங்கியவர்களின் நிலையை நிர்ணயித்தது 1982-ஆம் ஆண்டு அக்டோபரில் நே வின் ஆட்சி கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம். முதலாவது ஆங்கிலேய-பர்மியப் போருக்கு முந்தைய ஆண்டான 1823-ஐ அது எல்லைக்கோடாக எடுத்துக் கொண்டது. அந்த ஆண்டுக்கு முன்னரே நாட்டில் குடியிருந்த இனங்கள் "தேசிய இனங்கள்" எனப்பட்டன. பின்னர் அரசு வெளியிட்ட பட்டியலில் 135 இனங்கள் இடம்பெற்றன. தமிழரோ, ஏனைய இந்திய வம்சாவளியினரோ, சீனரில் பெரும்பாலானோரோ, ரோஹிஞ்சாக்களோ அதில் இல்லை.

அச்சட்டம் குடிமக்களை மூன்று நிலைகளாகப் பிரித்தது. முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், குடியுரிமை வழங்கப்பட்டவர்கள் என்பவை அந்த நிலைகள். ஒவ்வொன்றுக்கும் தனி நிறத்தில் அட்டை. பின்னைய இரு நிலைகளிலும் உள்ளவர்களின் குடியுரிமையை அரசு இரத்துச் செய்ய முடியும். மூன்றாவது தலைமுறையில் முழுக் குடியுரிமை கிடைக்கும் என்று சட்டம் சொன்னாலும், அதற்குப் பெற்றோர் மற்றும் பாட்டன் பாட்டியின் ஆவணங்கள் தேவை. போரிலும் வெளியேற்றத்திலும் காகிதங்களை இழந்த குடும்பங்களுக்கு அது எளிதான காரியமல்ல.

அடையாள அட்டையில் இனமும் மதமும் எழுதப்படுகின்றன. இந்திய வம்சாவளியினரும் முஸ்லிம்களும் விண்ணப்பிக்கும்போது "கலப்பு இரத்தத்தவர்" என்று வகைப்படுத்தப்பட்டுத் தனியாகவும் தாமதமாகவும் பரிசீலிக்கப்படுவதாகவும், தாங்கள் அறியாத நாடுகளின் பெயர்கள் தங்கள் இனமாக எழுதப்படுவதாகவும் நீண்டகாலமாக முறையிட்டு வந்துள்ளார்கள். அட்டை இல்லாமல் பயணம், வங்கிக் கணக்கு, பல்கலைக்கழகப் படிப்பு ஆகிய எல்லாமே சிக்கலாகின்றன. தேர்தலில் போட்டியிட வேண்டுமானால், தான் பிறந்தபோது தாயும் தந்தையும் குடிமக்களாக இருந்ததை ஒருவர் நிரூபிக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டுத் தேர்தலில் பதவியிலிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஷ்வே மாங்கின் மனுவே இந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டது.

உலகத் தமிழருக்கு இது புதிய கதை அல்ல. இலங்கையில் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. பர்மாவிலிருந்து கப்பல்கள் திரும்பிக் கொண்டிருந்த அதே 1964-இல்தான், மலையக மக்களை இரு நாடுகளுக்கும் பங்கிடும் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் இலங்கையில் படிப்படியாகச் சட்டங்கள் மாற்றப்பட்டு, 2003-இல் எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கப்பட்டது. மலையகக் கட்சிகளின் நாடாளுமன்றப் பேரம் அதில் முக்கியப் பங்கு வகித்தது. மியன்மாரில் அத்தகைய பேரத்துக்கு இடமிருக்கவில்லை. அங்குள்ள தமிழர்களும் ஏனைய இந்திய வம்சாவளியினரும் நம்பியிருக்கக்கூடியது, பெரும்பான்மைக் கட்சி ஒன்றின் நல்லெண்ணத்தை மட்டுமே.

2015: அளிக்கப்பட்ட வாக்குறுதிகள்

அந்த நல்லெண்ணத்தை எதிர்பார்ப்பதற்கு 2015-இல் காரணம் இருந்தது. சுதந்திர வீரர் ஆங் சானின் மகளான சூச்சி, 1989 தொடக்கம் 2010 வரையிலான காலத்தில் சுமார் 15 ஆண்டுகளை வீட்டுக்காவலில் கழித்தவர். 1991-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். 2015 நவம்பர் 8-ஆம் தேதித் தேர்தலில், மாற்றம் என்பதை முழக்கமாகக் கொண்டு அவரது கட்சி போட்டியிட்டது. உள்நாட்டுப் போர்களை முடிவுக்குக் கொண்டுவந்து சமாதானத்தை ஏற்படுத்துவது, 2008-ஆம் ஆண்டு அரசியலமைப்பைத் திருத்துவது, சட்டத்தின் ஆட்சி, மக்களின் வாழ்க்கைத் தர உயர்வு ஆகியவை அதன் பிரதான வாக்குறுதிகள்.

அந்தத் தேர்தலில் தேசிய லீக் ஒரு முஸ்லிம் வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. இராணுவ ஆதரவு பெற்ற ஐக்கிய ஒருமைப்பாடு மற்றும் அபிவிருத்திக் கட்சியும் நிறுத்தவில்லை. 2012-இல் ரக்கைன் மாநிலத்திலும், 2013-இல் மெய்க்டிலாவிலும் நடந்த வன்முறைகளைத் தொடர்ந்து, தீவிர பௌத்த தேசியவாத பிக்குமாரின் செல்வாக்கு உச்சத்தில் இருந்த காலம் அது. தேசிய லீக் முஸ்லிம்களின் கட்சி என்ற பிரசாரத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதே கட்சித் தலைமையின் கணக்கு என்று அவதானிகள் அப்போது கூறினார்கள். தேசிய லீக் பெரும் வெற்றி பெற்றது. சுதந்திரத்துக்குப் பின்னர் முதல் தடவையாக, முஸ்லிம் உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் அமைந்தது.

அந்த மௌனம் தேர்தல் நேரத்துத் தந்திரம் மட்டுமே, ஆட்சிக்கு வந்ததும் நிலைமை மாறும் என்று சிறுபான்மையினரில் பலர் நம்பினார்கள்.

நிறைவேறியவை

சூச்சியின் அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. வெளிநாட்டுக் குடியுரிமையுள்ள பிள்ளைகளைக் கொண்டவர் ஜனாதிபதியாக முடியாது என்ற அரசியலமைப்புத் தடையைச் சமாளிக்க, 2016 ஏப்ரலில் அரச ஆலோசகர் என்ற புதிய பதவி சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டது. அதன் வழியாக அரசின் உண்மையான தலைமை அவர் கைக்கு வந்தது.

அதே ஆண்டில், இராணுவ ஆட்சிகள் எதிர்ப்பாளர்களைச் சிறையிலடைக்கப் பயன்படுத்திய அவசரகால ஏற்பாடுகள் சட்டம் நீக்கப்பட்டது. வீட்டுக்கு இரவு தங்க வரும் விருந்தினரைப் பற்றி அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதியும் 2016 செப்டம்பரில் இரத்துச் செய்யப்பட்டது. நள்ளிரவில் கதவைத் தட்டி வீட்டைச் சோதனையிட இராணுவ ஆட்சிகளுக்கு உதவிய விதி அது. நாட்டின் கடைசிக் கிராமம் வரை நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த பொது நிர்வாகத் திணைக்களம், 2018 இறுதியில் இராணுவத்தின் கட்டுப்பாட்டிலிருந்த உள்துறை அமைச்சிடமிருந்து சிவிலியன் அமைச்சு ஒன்றுக்கு மாற்றப்பட்டது. வெளியில் அதிகம் பேசப்படாத மாற்றம்தான். ஆனால் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் அதன் முக்கியத்துவத்தை உணர்ந்தார்கள்.

ரங்கூன் வாசிகள் கண்ணால் கண்ட மாற்றங்களும் உண்டு. 2017 ஜனவரியில் நகரின் பேருந்துச் சேவை முழுவதுமாகச் சீரமைக்கப்பட்டது. நாளாந்தக் குறைந்தபட்ச ஊதியம் 2018-இல் 3,600 கியாட்டிலிருந்து 4,800 கியாட்டாக உயர்ந்தது. 2019 டிசம்பரில் நாட்டின் பாதிக் குடும்பங்களுக்கு மின்சாரம் சென்றடைந்துவிட்டதாக அரசு அறிவித்தது. 2005-இல் மக்களில் சுமார் 48 சதவீதமாக இருந்த வறுமை, 2017-இல் சுமார் 25 சதவீதமாகக் குறைந்திருந்தது. இதில் முந்தைய ஜனாதிபதி தெயின் செயினின் சீர்திருத்தங்களுக்கும் பங்கு உண்டு.

நிறைவேறாதவை

பிரதான வாக்குறுதிகள் இரண்டும் நிறைவேறவில்லை. தனது தந்தை 1947-இல் கூட்டிய பங்லோங் மாநாட்டின் பெயரால், இனக்குழுக்களுடனான சமாதான மாநாட்டை 2016 ஆகஸ்டில் சூச்சி ஆரம்பித்தார். 2020 ஆகஸ்ட் வரை நான்கு அமர்வுகள் நடந்தன. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் போர்நிறுத்த உடன்பாட்டில் புதிதாக இணைந்தவை இரு சிறிய அமைப்புகள் மட்டுமே. வடக்கிலும் மேற்கிலும் போர் தொடர்ந்தது. அரக்கான் இராணுவத்துடனான மோதல் காரணமாக, 2019 ஜூன் முதல் ரக்கைன் மற்றும் சின் மாநிலங்களின் சில பகுதிகளில் இணையச் சேவையே துண்டிக்கப்பட்டது.

அரசியலமைப்புத் திருத்தத்தில் தடை தெளிவானது. நாடாளுமன்ற ஆசனங்களில் கால்வாசி இராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. முக்கியத் திருத்தங்களுக்கு 75 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகள் வேண்டும். எனவே இராணுவம் சம்மதிக்காமல் எதுவும் நகராது. இராணுவத்தின் ஆசனங்களை முதலில் 15 சதவீதமாகவும், பின்னர் 10 ஆகவும், அதன்பின் 5 ஆகவும் குறைக்கலாம் என்ற தேசிய லீக்கின் யோசனை 2020 மார்ச்சில் தோற்கடிக்கப்பட்டது. வாக்குறுதி நிறைவேறவில்லை, ஆனால் யார் தடுத்தார்கள் என்பது நாட்டுக்கே தெரிந்தது. 2020-இல் சூச்சியின் தேர்தல் வாதத்தில் இது வலுவான பகுதி.

ரோஹிஞ்சா விவகாரத்தில் அத்தகைய வாதம் எளிதல்ல. 2017 ஆகஸ்ட் 25-க்குப் பின்னர் இராணுவம் மேற்கொண்ட நடவடிக்கையால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். இராணுவத்தின் மீது அரசுக்குக் கட்டுப்பாடு இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் 2019 டிசம்பரில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குத் தாமே நேரில் சென்று, இனப்படுகொலைக் குற்றச்சாட்டை மறுத்து வாதாடியது அவரது சொந்தத் தெரிவு. உள்நாட்டில் அது அவரது ஆதரவைக் கூட்டியது.

அளிக்கப்படாத வாக்குறுதி

சூச்சியின் ஆட்சிக் கணக்கில் பபேடான் மக்களுக்கு முக்கியமான இடம் இதுவே. 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அரசியலமைப்பு அல்ல. அது சாதாரணச் சட்டம். அதன் பெரும்பகுதியைத் திருத்துவதற்கு 75 சதவீத வாக்குகளோ, இராணுவத் தளபதியின் சம்மதமோ தேவையில்லை. நாடாளுமன்றத்தில் தேசிய லீக்குக்கு இருந்த பெரும்பான்மையே போதும். குடிவரவு அமைச்சும் இராணுவத்துக்கு ஒதுக்கப்பட்ட மூன்று அமைச்சுகளில் ஒன்றல்ல.

அதைத் திருத்த வேண்டும் என்ற ஆலோசனையும் வெளியிலிருந்து திணிக்கப்பட்டதல்ல. ஐ.நா.வின் முன்னாள் தலைமைச் செயலர் கோஃபி அன்னான் தலைமையில் 2016-இல் ஆணைக்குழு ஒன்றை அமைத்தவர் சூச்சிதான். சட்டத்தை மீளாய்வு செய்ய வேண்டும் என்று அக்குழு தனது இறுதி அறிக்கையில் பரிந்துரைத்தது. அறிக்கை 2017 ஆகஸ்ட் 24 அன்று வெளியானது. மறுநாள் அதிகாலையில் ரக்கைனில் பாதுகாப்புச் சாவடிகள் ஆயுதக்குழு ஒன்றால் தாக்கப்பட, பரிந்துரை புகையில் மறைந்தது. அதன்பின் மூன்று ஆண்டுகள் பதவியில் இருந்தும், அரசு அந்தச் சட்டத்தைத் தொடவில்லை. 2020-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் கட்சி அதைப் பற்றி வாக்குறுதி அளிக்கவில்லை.

இதற்கு இருவித விளக்கங்கள் தரப்படுகின்றன. பெரும்பான்மை பௌத்தர்களின் எதிர்ப்பைச் சம்பாதித்தால் இராணுவம் அதைப் பயன்படுத்திக் கொள்ளும் என்ற அச்சம் முதலாவது. அந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. அரச ஆலோசகர் பதவிக்கான சட்ட வழியை வகுத்தவராகக் கருதப்பட்ட, கட்சியின் முஸ்லிம் சட்ட ஆலோசகர் கோ நி, 2017 ஜனவரி 29-ஆம் தேதி ரங்கூன் விமான நிலைய வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். முன்னாள் இராணுவ அதிகாரிகள் அதில் சம்பந்தப்பட்டிருந்தார்கள். இரண்டாவது விளக்கம் கசப்பானது. நாட்டின் உரிமையாளர்கள் யார், விருந்தினர்கள் யார் என்ற கேள்வியில் தேசிய லீக்கின் தலைமைக்கும் இராணுவத்துக்கும் இடையே எண்ணியதைவிட அதிக உடன்பாடு இருந்தது என்பதே அது.

எதுவாயினும் இதில் ஒரு முரண் இருக்கிறது. சூச்சி ஜனாதிபதியாக முடியாமல் தடுத்த அரசியலமைப்பு விதியும், பபேடானின் கடைக்காரர் ஒருவரது பேத்தியை அடையாள அட்டைக்காகக் காத்திருக்க வைத்த சட்டமும் ஒரே சிந்தனையிலிருந்து பிறந்தவை. இரத்தத்தில் அந்நியக் கலப்பு உள்ளவரின் விசுவாசம் சந்தேகத்துக்குரியது என்பதே அந்தச் சிந்தனை. தனக்கு எதிரான விதியைச் சூச்சி அநீதி என்று சொன்னார். மற்றதைப் பற்றி மௌனம் காத்தார்.

2020: எதற்கு வாக்களித்தார்கள்?

கோவிட் தொற்றுக்கு நடுவே 2020 நவம்பரில் தேர்தல் நடந்தது. மேற்கத்திய நாடுகளின் தலைநகரங்களில் சூச்சியின் மதிப்பு சரிந்திருந்தது. உள்நாட்டில் நிலைமை வேறு. 2015-ஐ விடவும் கூடுதலாக, தேர்தல் நடந்த 476 ஆசனங்களில் 396 ஆசனங்களை தேசிய லீக் கைப்பற்றியது. இராணுவ ஆதரவுக் கட்சிக்குக் கிடைத்தவை 33. மறுபுறம், பாதுகாப்புக் காரணங்களைக் கூறி ரக்கைனிலும் வேறு சில பகுதிகளிலும் வாக்குப்பதிவு இரத்துச் செய்யப்பட்டது. இதனால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்குரிமையை இழந்தார்கள். ரோஹிஞ்சா வேட்பாளர்களின் மனுக்கள் மீண்டும் நிராகரிக்கப்பட்டன.

இந்த முடிவை ஆட்சிச் சாதனைகளுக்குக் கிடைத்த மதிப்பெண் என்று மட்டும் வாசிப்பது தவறாகலாம். இராணுவம் மீண்டும் வரக்கூடாது என்பதே வாக்காளர்களில் பெரும்பாலோரின் முதல் அக்கறை. இத்தகைய தேர்தலில், ஆளும் தலைவரிடம் கணக்குக் கேட்கும் வாய்ப்பு குறைகிறது. குறைகளைச் சொல்வதுகூட எதிரிக்கு உதவுவதாகப் பார்க்கப்படுகிறது. சிறுபான்மையினரின் நிலை இன்னும் இக்கட்டானது. தேசிய லீக்கைத் தவிர அவர்களுக்கு வேறு இடமில்லை. வேறு இடமில்லாத வாக்காளருக்கு வாக்குறுதி கொடுக்க வேண்டிய அவசியம் எந்தக் கட்சிக்கும் இருப்பதில்லை.

ஆயினும் 2015-இல் பூஜ்யமாக இருந்த முஸ்லிம் வேட்பாளர்களின் எண்ணிக்கை 2020-இல் இரண்டானது. சிறியதுதான், ஆனால் பபேடானில் அது வெறும் எண் அல்ல. நாடாளுமன்றத்தில் தங்கள் பகுதியின் பெயரைச் சொல்ல ஒருவர் கிடைத்திருந்தார்.

கவிழ்ப்பின் பின்னர்

அடுத்து நடந்தவை, சூச்சியின் சாதனைகள் எவ்வளவு பலவீனமான அடித்தளத்தில் நின்றன என்பதைக் காட்டின. ஆட்சியைக் கைப்பற்றிய இரு வாரங்களுக்குள், 2021 பிப்ரவரி 13 அன்று, இரவு விருந்தினரை அறிவிக்கும் விதியை இராணுவம் மீண்டும் கொண்டுவந்தது. பொது நிர்வாகத் திணைக்களம் அதே ஆண்டில் உள்துறை அமைச்சுக்குத் திரும்பியது. 2021-இல் மட்டும் பொருளாதாரம் சுமார் 18 சதவீதம் சுருங்கியதாக உலக வங்கி மதிப்பிட்டது.

பபேடான் இதன் விலையை நேரடியாகக் கொடுத்தது. சித்து மாங்கின் தேர்தல் பிரசாரப் பொறுப்பாளரும், பபேடானில் தேசிய லீக்கின் உள்ளூர்த் தலைவருமான கின் மாங் லாட், 2021 மார்ச் 6-ஆம் தேதி இரவு வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார். மறுநாள் குடும்பத்தாரிடம் கிடைத்தது அவரது இறப்புச் செய்தி. சித்து மாங், இராணுவ ஆட்சியை எதிர்க்கும் நாடாளுமன்றப் பிரதிநிதிகளின் குழுவில் இணைந்தார். சூச்சிக்கு எதிரான வழக்குகளில் மொத்தம் 33 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் அது 27 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

இராணுவத்தை எதிர்த்துத் தெருவில் நின்ற பர்மியப் பெரும்பான்மை இளைஞர்கள் பலர், ரோஹிஞ்சாக்களுக்கு நடந்தபோது தாங்கள் மௌனமாக இருந்ததற்கு வருத்தம் தெரிவித்தார்கள். தேசிய லீக்கினர் முன்னின்று 2021 ஏப்ரலில் அமைத்த தேசிய ஒற்றுமை அரசாங்கம், அவ்வாண்டு ஜூன் 3-ஆம் தேதி ரோஹிஞ்சாக்கள் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை நீக்கிவிட்டு, பிறப்பின் அடிப்படையில் குடியுரிமை வழங்கும் புதிய சட்டம் கொண்டுவரப்படும் என்று அதில் வாக்குறுதி அளிக்கப்பட்டது.

இரு தேர்தல்களில் அளிக்கப்படாத வாக்குறுதி அது. நிறைவேற்றும் அதிகாரம் கையில் இருந்தபோது சொல்லப்படாமல், அதிகாரம் பறிபோன பின்னர் சொல்லப்பட்டது.

இராணுவத் தளபதியின் கணக்கு

தேர்தலுக்கு முன்பான வாக்குறுதிகள் என்று பார்த்தால், 2021-இல் இராணுவத் தளபதியாக இருந்த மின் ஆங் ஹ்லைங்கின் கணக்கும் சரிபார்க்கப்பட வேண்டியதே. ஓராண்டு அவசரகால நிலைக்குப் பின்னர் தேர்தல் என்பது 2021 பிப்ரவரியில் இராணுவம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில், 2023 ஆகஸ்டுக்குள் என்றானது. முதற்கட்ட வாக்குப்பதிவு நடந்தது 2025 டிசம்பர் 28-ஆம் தேதி. 2026 ஜனவரி வரை மூன்று கட்டங்களாக அது நீடித்தது. போர் நடக்கும் பல வட்டங்களில் வாக்குப்பதிவே இல்லை. தேசிய லீக் 2023 மார்ச்சிலேயே கலைக்கப்பட்டிருந்தது. தேர்தலை விமர்சிப்பதையே தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் ஒன்று 2025 ஜூலையில் பிறப்பிக்கப்பட்டது. தலைவரின் சாதனையை எடைபோடும் தராசே இங்கு எடுத்துச் செல்லப்பட்டுவிட்டது.

இந்த ஒப்பீட்டில் சூச்சியின் ஆட்சி உயர்ந்து நிற்பது இயல்பு. ஆனால் இராணுவத்தைவிட மேல் என்பது ஓர் அரசியல் தலைவருக்குப் போதுமான அளவுகோல் ஆகாது. அவரது ஐந்து ஆண்டுகளில் தோல்வியுற்ற வாக்குறுதிகளுக்கு இராணுவம் பெருமளவு பொறுப்பு. அளிக்கப்படாத வாக்குறுதிக்கு அவரும் அவரது கட்சியுமே பொறுப்பு.

அந்த மௌனத்தால் பாதிக்கப்பட்டவர்கள் சிறுபான்மையினர் மட்டுமல்ல. நாட்டில் உரிமையாளர்களும் விருந்தினர்களும் இருக்கிறார்கள் என்ற கருத்தை ஏற்றுக்கொண்டால், விருந்தினர்களைக் கண்காணிக்கக் காவலாளி ஒருவர் தேவை என்ற வாதத்தையும் ஏற்க வேண்டி வரும். அந்தக் காவலாளி தானே என்றுதான் மியன்மார் இராணுவம் 1962 முதல் சொல்லி வந்திருக்கிறது. அடையாள அட்டைகளின் நிறங்களை மாற்றத் துணியாத சிவிலியன் அரசு, அந்தக் காவலாளியின் வேலைக்கான நியாயத்தையும் தொடாமல் விட்டுவிட்டது.

பபேடானின் தமிழ்க் குடும்பங்களில் பல, நான்காவது ஐந்தாவது தலைமுறையாக அங்கு வாழ்கின்றன. பர்மிய மொழியில் பேசி, பர்மியப் பெயர்களைத் தாங்கி, கோயில்களில் நடக்கும் வகுப்புகளில் தமிழ் எழுத்துகளைக் கற்கும் பிள்ளைகள் அங்கு இருக்கிறார்கள். நாளை மியன்மாரில் சுதந்திரமான தேர்தல் ஒன்று நடக்குமானால், வாக்குக் கேட்டு வருபவர்களிடம் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: 2021 ஜூன் மாதத்து வாக்குறுதி, அதிகாரம் கைக்கு வந்த பிறகும் நிலைத்திருக்குமா? அதற்கான பதில், தேர்தலுக்கு முன்னரே எழுத்தில் தரப்பட வேண்டும்.